அன்று பெல் அடிக்கவில்லை

என்னிடம் ஒரு பழைய பஸ் இருக்கிறது. இதைக் கேட்டவுடன் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் "நெசமாவா?" என்பார்கள், அதற்கப்புறம் ஒரு தரம் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்வி காதில் விழவேண்டும் என்பதற்காகத்தான் அதை வாங்கினேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. வாங்கிய நாளில் அப்படி நினைக்கவில்லை. பழைய வண்டி என்றால் எனக்கு உயிர் என்றுதான் வீட்டில் சொன்னேன்.

"எல்லாருக்கும் அம்பது வயசுல ஷுகர் வரும், உங்களுக்கு பஸ் வந்திருக்கு" என்றாள் மனைவி.

கேரளத்தில், மட்டாஞ்சேரியில் எங்களுக்கு வற்றல் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். மிளகாய் வியாபாரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் வந்து நின்றால் தும்முவார்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான், கடைக்குப் பின்னால் இருந்த கிட்டங்கியில் மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, திருச்சூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த பஸ்ஸை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினேன். முன்னால் மூக்கு நீண்ட வண்டி. இன்ஜின் அந்த மூக்குக்குள் இருக்கும். மரச்சட்டம், மேலே அலுமினியத் தகடு, ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மழை வந்தால் சுருட்டி வைத்த ரெக்ஸின் படுதாவை இறக்கிவிட வேண்டும். ஓடும் நிலைக்கு அதைக் கொண்டுவர இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் நான் கனரக லைசென்ஸ் எடுத்தேன். டிரைவிங் பள்ளியில் என்னோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என் மகன் வயதுக்காரர்கள். அவர்கள் என்னை வாத்தியார் என்று நினைத்துக் கும்பிட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வண்டியை ஓட்டும் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? காரில் நாம் உட்கார்ந்திருப்போம், அது போகும். இது அப்படியில்லை. தோளைக் கேட்கும், தொடையைக் கேட்கும். கியர் மாற்ற கிளச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். நடுவில் ஒரு நொடி காத்திருந்து, இன்ஜின் சத்தம் இறங்கி வரும்போது போட்டால் வெண்ணெய் மாதிரி விழும். அவசரப்பட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிறபடி ஊளையிடும். மூக்கிலிருந்து வரும் சூட்டில் வலது முழங்கால் வெந்துபோகும். கடைவீதியில் சரக்கு இறக்கும் லாரிகளுக்கு நடுவே அதைக் கொண்டுபோகும்போது, என் காருக்கு ஒரு அங்குலம்கூட நகராத சுமைதூக்கும் ஆட்கள் தள்ளுவண்டியை ஓரம்கட்டி, "வா வா வா" என்று கைகாட்டுவார்கள். வெலிங்டன் தீவில் மர நிழலில் போகும் நேர் ரோட்டில் நாலாவது கியரில் விட்டால் மரச்சட்டம் மொத்தமும் முனகத் தொடங்கும். எதிரில் வருகிறவர்கள் சிரிப்பார்கள். போலீஸ்காரர்கூட ஒரு தரம் கையை உயர்த்திவிட்டு, நிறுத்தியதும் "சும்மா, பாக்கத்தான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வண்டியைத் தெருவில் இறக்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, பள்ளுருத்தியில் ஒருவர் சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திக்கொண்டு நின்றார். எழுபதை நெருங்கும் வயது. ஒல்லியான தேகம், மடித்துக் கட்டிய வேட்டி. நான் ஹார்ன் அடித்தேன். அவர் அசையாமல் வண்டியைச் சுற்றி வந்து, உள்ளே ஏறி, கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கயிறு எவிடே?" என்றார்.

"என்ன கயிறு?"

"பெல்லுக் கயிறு. கயிறு இல்லாம இது என்ன பஸ்ஸு? மிச்சம் எல்லாம் வெறும் தகரமாக்கும்."

மெக்கானிக் கதவுப் பக்கம் ஒரு கரண்ட் ஸ்விட்ச் வைத்திருந்தார். அதைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு அவரே ஒரு பித்தளை மணியும் ஒரு சுருள் கயிறுமாகக் கிட்டங்கிக்கு வந்துவிட்டார். கூரையின் நீளத்துக்குக் கயிற்றை ஓட்டி, என் தலைக்கு மேல் மணியைத் தொங்கவிட்டு, பின்னால் போய் இழுத்துப் பார்த்தார். மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவே பிரைவேட் பஸ்களில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவர் என்று அப்போதுதான் சொன்னார். பள்ளுருத்தியில் வெகுகாலமாக இருக்கும் தமிழ்க் குடும்பம். ஆனால் அவர் தமிழில் பாதி மலையாளம். நான் அவரைச் சேட்டன் என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்பார். வண்டியில் ஏறிவிட்டால் மட்டும் "டிரைவரே" என்பார். அந்த ஒரு வார்த்தை கேட்பதற்காகவே வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

கேரளத்துப் பஸ்களில் ஒற்றைப் பெல் அடித்தால் நிறுத்த வேண்டும், இரட்டைப் பெல் அடித்தால் எடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருக்கு அது வெறும் ஏற்பாடு இல்லை. கதவு இருக்கும் இடதுபக்கம் என் ஆசனத்திலிருந்து தெரியவே தெரியாது. மூக்கின் மேல் இருக்கும் சின்னக் கண்ணாடியில் வானம்தான் தெரியும். "டபுள் பெல் கேக்குற வரைக்கும் உனக்குக் காலே இல்லன்னு வச்சுக்கோ" என்பார். ஒரு தரம் ஆட்கள் ஏறுகிறார்களா என்று நான் கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தினா பாக்கறே? நான் இங்க நிக்கறேன்ல?" நான் பின்னால் பார்க்கக்கூடாது, அவர் முன்னால் பார்க்க மாட்டார். அத்தனை வருஷ வேலையில் தன் பெல்லால் ஒரு ஆள் விழுந்ததில்லை என்பதுதான் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை. வேறு எதற்கும் அவர் பீற்றிக்கொண்டு நான் கேட்டதில்லை.

அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் எர்ணாகுளத்தில். என் பஸ்ஸில்தான் போகவேண்டும் என்று நானே அடம்பிடித்தேன். மற்றவர்கள் ஏசி வண்டி பிடிக்கலாம் என்றார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தின நாளே வண்டியைக் கழுவி, அன்று காலையில் மூக்கில் மாலை போட்டேன். சேட்டன் துவைத்துத் தேய்த்த காக்கிச் சட்டையில் வந்தார். தெருமுனையில் சொந்தக்காரர்கள் முப்பது பேர் ஏறினார்கள். உள்ளே ஒரே கூச்சல். யாரோ போனில் பாட்டு வைத்தார்கள். டபுள் பெல் விழுந்தது, எடுத்தேன்.

பத்தடி போவதற்குள் பூத்தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டோம் என்று அக்கா கத்தினாள். ஒற்றைப் பெல். நிறுத்தினேன். அக்கா இறங்கிப் போனாள்.

அந்த இடைவெளியில் முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுற்றுலா வந்தவர்கள், தெருக்காரர்கள், ஆளுக்கொரு போன். கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர் ரோட்டின் நடுவே நின்று, என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். வண்டி தன்னை நோக்கி வரவேண்டும், அதைப் படம் எடுக்கவேண்டும் என்று கேட்கிறார். பின்பக்கமாக நடந்துகொண்டே "வரட்டே, வரட்டே" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தலைமுடியைச் சரிசெய்துகொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது. முதல் கியரைப் போட்டேன். கிளச்சை விட்டேன்.

பெல் அடிக்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். அடித்தது போலக்கூட இல்லை. தலைக்கு மேல் ஒரு முழம் தூரத்தில் தொங்கும் மணி அது.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது, பின்னால் அலறல் கேட்டது. பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன். அக்கா ஒரு காலைப் படியில் வைத்திருந்த நேரம். தட்டோடு விழுந்திருந்தாள். மல்லிகையும் வெற்றிலையும் ரோடெல்லாம். மணிக்கட்டு கோணலாகத் திரும்பியிருந்தது. சேட்டன் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, அந்தக் கையை அசைக்காமல் தன் இரு உள்ளங்கைகளிலும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அத்தான் இறங்கி வந்து அவர் சட்டையைப் பிடித்தார். "யோவ், கண்ணு தெரியலயா உனக்கு? ஆள் ஏறுறதுக்குள்ள பெல் அடிக்கிறே?"

"இல்ல சாரே. நிக்கறதுக்கு ஒத்தப் பெல்லு அடிச்சேன். அது கழிஞ்சு நான் கயிறு தொடல."

"தொடாம வண்டி எப்படிய்யா நகரும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா வலியில் முனகிக்கொண்டே பார்த்தாள். கேமராக்காரரும் கிட்டே வந்து நின்றுகொண்டிருந்தார். என் சட்டையில் இன்னும் மாலையின் பன்னீர் வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் "நான்தான் எடுத்தேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"டபுள் பெல் கேட்டுத்தான் எடுத்தேன்."

சேட்டன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர் மறுத்துக் கத்துவார் என்று எதிர்பார்த்து, பதிலுக்குக் கத்துவதற்கு நான் தயாராகவே இருந்தேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அது அன்று உதவும் என்றுகூட நினைத்தேன். அவர் கத்தவில்லை. தன் வலது கையைத் திருப்பி, உள்ளங்கையையும் விரல்களையும் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"டிரைவர் கேட்டுச்சுன்னா, நான் அடிச்சிருப்பேன்" என்றார். "என் கை தெத்திப் போயிருக்கும், தெரியாம இழுத்திருக்கும். க்ஷமிக்கணும், மோளே." கடைசி வார்த்தை அக்காவுக்கு.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டோம். நிச்சயதார்த்தம் மத்தியானத்துக்கு மேல், மாவுக்கட்டோடு நடந்தது. போட்டோக்களில் அக்கா சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். சேட்டன் அங்கே வரவில்லை. தெருமுனையில் சிதறிக் கிடந்த பூவையெல்லாம் பொறுக்கி ஓரத்தில் போட்டுவிட்டு, நடந்தே பள்ளுருத்திக்குப் போனதாகப் பிறகு தெரிந்தது.

அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நண்பர் ஒருவரைக் கயிறு இழுக்கச் சொல்லி வண்டியை எடுத்தேன். ஜனங்கள் வழக்கம்போலக் கைகாட்டினார்கள், நானும் பதிலுக்குக் காட்டினேன். "கண்டக்டர் எங்கே?" என்று கேட்டவர்களிடம் வயசாகிவிட்டது என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பதில்!

இரண்டு மாதம் கழித்து, காலையில் கடை திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது அவர் மகள் வந்தாள். தோப்பும்படியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். மிளகாய் நெடியில் தும்மிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அச்சனுக்கு என்னவோ ஆயிருக்கு சேட்டா" என்றாள். "கேஸ் அடுப்பைத் தொட மாட்டேங்குறாரு. கதவு பூட்டுனோமான்னு நாலு தடவ போய்ப் பாக்குறாரு. தினமும் காலைல சிநேகிதர் ஒருத்தர் கடையில சில்லறை கொடுக்க உக்காருவாருல்ல, அதையும் நிறுத்திட்டாரு. கேட்டா, என் கை நான் சொன்னதுதான் செய்யுதான்னு எனக்கே நிச்சயம் இல்லங்குறாரு. அடுத்த வாரம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். மறதி எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேப்பாங்க. பஸ்ஸுல வேற எப்பவாவது இப்படி ஆச்சா? ஞாயித்துக்கிழமை எல்லாம் கூட இருந்தது நீங்கதானே."

அவர் என் பொய்யைச் சகித்துக்கொண்டார், எனக்காக விட்டுக்கொடுத்தார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. என்னை நம்பியிருக்கிறார். பெல் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டான். டிரைவர் எடுத்தான் என்றால் பெல் அடித்திருக்கிறது. அடித்தது தனக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு தன் தலையில்தான். முப்பது வருஷப் பழக்கத்தில் அவருக்கு வேறு கணக்கு வராது.

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. நான் ஊதுபத்தியைச் சாமி படத்துக்குக் கீழே செருகிவிட்டு, "வயசாச்சுல்லம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் பள்ளுருத்திக்குக் கிளம்பினேன். என் பஸ்ஸில் போகத் தைரியம் இல்லை. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன்.

சேட்டன் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வா தம்பி, பெங்களோட கை எப்படி?" என்றார். அக்காவின் கையைத்தான் முதலில் கேட்டார்.

"கை சரியாயிருச்சு. சேட்டா, நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க பெல் அடிக்கல."

அவர் எனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நான்தான் எடுத்தேன். முன்னால ஒருத்தன் போட்டோ எடுத்துட்டு இருந்தான். அவனுக்காக எடுத்தேன். பெல் கேக்கல. எல்லாரும் பாத்ததும் பொய் சொல்லிட்டேன்."

சொல்லி முடித்ததும் என் கண் கலங்கியது. அவர் திட்டுவார், அல்லது அழுவார், குறைந்தது எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் மெல்லச் சிரித்தார். என் முழங்கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"மோள் உன்கிட்ட வந்து பறஞ்சாளா?"

"அவ வந்தா. ஆனா அதுக்காக இல்ல. நெசமா நான்தான்..."

"பெல் இல்லாம எந்த டிரைவர் வண்டி எடுப்பான்?"

"நான் எடுத்தேன் சேட்டா."

"நீ எடுக்க மாட்டே. எத்தன ஞாயித்துக்கிழமை பாத்திருக்கேன் உன்ன. ஒருக்கா மழையில, பின்னால நின்ன வண்டிக்காரன் எல்லாம் ஹார்ன் அடிச்சுத் தெறி விளிச்சுத் திட்டினான். நான் பெல் கொடுக்கற வரைக்கும் நீ அசைஞ்சியா? இல்லல்ல?"

நான் அக்காவின் மேல் சத்தியம் செய்தேன். அவர் என் வாயைத் தன் கையால் பொத்தினார். எனக்காகப் பொய்ச் சத்தியம் செய்யாதே, பாவம் வரும் என்றார். நான் எவ்வளவு வாதாடினேனோ அவ்வளவுக்கு அவர் என்னைத் தேற்றினார். என் முதுகைத் தடவிக்கொடுத்தார். கடைசியில் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மோளே, இங்க வந்து பாரு. எனக்கு மனசு சங்கடம் ஆகக்கூடாதுன்னு மட்டாஞ்சேரில இருந்து பொய் சொல்ல வந்திருக்கு இந்த ஆளு. இப்படி ஒரு மனுஷன் உண்டா? நல்ல சாயா போடு."

மகள் கதவோரத்தில்தான் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் சொன்னதை அவள் நம்பினாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. சாயாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்தாள். நான் குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் கடைசிச் சொட்டு வரை குடிக்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது அவள் கேட் வரை வந்தாள்.

"அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால நீங்க சொன்னீங்க. அச்சன் நம்பிட்டாரு" என்றாள். "இப்ப யாரும் இல்லாத நேரம் பாத்து வந்து சொல்றீங்க. அதே ஆளுங்க முன்னால சொல்லுங்க சேட்டா. அப்ப நம்புவாரு."

சரி என்றேன். அடுத்த வாரம் டாக்டர் பார்த்துவிட்டு மூளையில் ஒரு குறையும் இல்லை என்றாராம். சேட்டன் டாக்டரை நம்பவில்லை. டாக்டர் அன்று வண்டியில் இருந்தாரா என்று கேட்டாராம்.

அடுத்த மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். அதே முப்பது பேர், என் பஸ்ஸில்தான் போகிறார்கள். போன வாரம் அத்தான் வந்து, "வண்டி ஓகே. அந்தக் கிழவனை மட்டும் கூப்பிட்டுராதே" என்றார். அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்து, சரியாக மடங்காத அந்தக் கையால் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நான் சரி அத்தான் என்றேன்.

அன்றிரவிலிருந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்தேன். அக்கா, அத்தான், என் மனைவி, எங்கள் பிள்ளைகள் எல்லோரும் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. சேட்டனும் அப்படித்தான், அவர் மகளும் அப்படித்தான். மிளகாய் மண்டிகளிலிருந்து வரும் கடிதங்களைப் படிக்க ஆள் வேண்டும் என்று என்னை மட்டும் அப்பா தமிழ் எழுதப் படிக்கக் கற்க வைத்தார். மலையாளம் எனக்கு இதைவிட நன்றாக எழுத வரும். முதல் வரியை எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.